மண்சுவரில் ஒரு கருவறை

இறைவன் எப்படிக் கொடுக்கிறான் என்பதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன். கனகசெட்டிக்குளத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டு மண்சுவரில், சுண்டுவிரல் நுழையாத ஒரு துளைக்குள், விரல்நகம் அளவே இருக்கிற ஒரு தேனீ அதை எனக்குக் காட்டினாள். 'அது' என்று எழுதக் கை வரவில்லை. அவள் என்றே எழுதுகிறேன்.

ஊர் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்து, காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தைத் தாண்டினால், புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு தொடங்குகிற ஓரத்தில் எங்கள் ஊர். கிழக்கே கடல், மீனவர் தெரு. மேற்கே செம்மண், சவுக்கு, முந்திரி. சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம் கீழ்ப்புத்துப்பட்டு. அங்கே காட்டின் நடுவில் மஞ்சனீசுவரர் அய்யனார் இருக்கிறார், எங்கள் குலதெய்வம். சோழமண்டலக் கரையோரம் ஒருகாலத்தில் நீண்டு கிடந்த உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சத் துண்டுகளில் ஒன்று அந்தக் காடு. அய்யனார் காவல் என்ற பயத்தில்தான் கோடரி உள்ளே போகவில்லை. பல்கலைக்கழகத் தாவரவியலார் அதற்குள் போய் மரம் மரமாக எண்ணி, அளந்து எழுதியிருக்கிறார்கள். எங்களுக்கு அது அய்யனார் குதிரை இறங்கும் இடம். காது குத்தும், முடி இறக்கும் எங்கள் குடும்பத்துக்கு அங்கேதான்.

அந்தக் காட்டுப் பாதையின் ஓரத்து மண்மேட்டிலும் அவள் துளைகள் இருக்கின்றன. முதலில் அங்கேதான் பார்த்தேன், பொங்கல் வைக்க விறகு பொறுக்கப் போன இடத்தில். பிறகு வீட்டுக்கு வந்தால், இத்தனை வருஷமும் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்த என் சுவரிலேயே அவள் இருந்தாள்.

கறுத்த உடம்பு. மார்பில் பழுப்பு ரோமம். வயிற்றின் குறுக்கே நாலைந்து பட்டைகள். அந்தப் பட்டையின் நிறத்துக்கு நான் என்ன சொல்வேன்! மயில்கழுத்துப் பட்டுப்புடவையை வெயிலில் உதறினால் ஒரு கணம் நீலம், ஒரு கணம் பச்சை தெறிக்குமே, அந்த நிறம். நீலப்பட்டைத் தேனீ என்கிறார்கள். நூல்களில் அமெகில்லா என்பது இவள் குலத்தின் பேர். 1758-லேயே லின்னேயஸ் இந்தக் குலத்தில் ஒன்றுக்குப் பேர் வைத்துவிட்டார். 1897-இல் பிங்ஹாம் என்ற படை அதிகாரி பிரிட்டிஷ் இந்தியாவின் குளவிகளையும் தேனீக்களையும் தொகுத்துத் தடித்த நூல் எழுதினார். இவள் குலத்தில் ஒன்றுக்கொன்று அச்சடித்தாற்போல் இருக்கிற இனங்கள் பல உண்டு. நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்காமல் எது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பேர் கொடுத்து இத்தனை காலம் ஆகியும், மண்ணுக்குள் இவள் நடத்தும் குடித்தனத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதியவர்கள் நம் நாட்டில் மிகச் சிலரே. தேன் தருகிற தேனீக்கு ஆயிரம் நூல் உண்டு. நமக்கென்று ஒரு துளியும் எடுத்துவைக்காத இவளை யார் தேடப்போகிறார்கள்?

ஆனால் உலகில் பேரிடப்பட்ட தேனீ இனங்கள் 20,000-க்கு மேல் என்கிறார்கள், அவற்றில் பெரும்பாலானவை இவளைப்போல மண்ணில் குடியிருப்பவை. ராணி இல்லை, வேலைக்காரி இல்லை, மெழுகுக்கூடு இல்லை. ஒவ்வொருத்தியும் தனிக்குடித்தனம். நாம் தேனீ என்றதும் நினைக்கிற கூட்டமும் கூடும் ஒரு சிறு கிளையின் வழக்கந்தான்.

நம் கோயில்களிலும் அந்தச் சிறு கிளையே இடம்பிடித்திருக்கிறது. திருக்கண்ணமங்கையில் தாயார் சந்நிதிக்குள்ளேயே தேன்கூடு இருக்கிறது. நன்னிலத்தில் தேவர்கள் தேனீக்களாகி வழிபட்டார்கள் என்பதால் ஈசனுக்கு மதுவனேசுவரர் என்று பேர். மாணிக்கவாசகர் தில்லையில் பாடிய திருக்கோத்தும்பியில் இருபது பாட்டும் வண்டை அழைத்து, போ, அவன் பாதத்தில் போய் ஊது என்று அனுப்புகிறவை. சின்ன வயதில் ஆயா மடியில் கேட்டு வளர்ந்த பதிகம் அது. எந்த வண்டு, எங்கே வாழ்கிற வண்டு என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. இப்போது அந்தப் பதிகத்தைச் சொல்லும்போதெல்லாம் என் கண்முன் வருகிறவள் கூட்டமில்லாத இந்தத் தனியாள்தான்.

அவள் வேலையைச் சொல்கிறேன். சொல்லும்போதே நெஞ்சு விம்முகிறது.

தாடையால் மண்ணைக் கடித்துப் பெயர்க்கிறாள், காலால் பின்னுக்குத் தள்ளுகிறாள். வாயிலில் பொடி மண் உதிர்ந்துகொண்டே இருக்கும். உள்ளே போய், சிறு குடம் போன்ற ஓர் அறை குடைகிறாள். குடைந்தது குடைந்தபடி விட்டுவிடுவதில்லை. தன் உடம்பில் சுரக்கும் ஒரு பொருளை எடுத்து அந்த அறையின் சுவர் முழுக்கப் பூசுகிறாள், ஈரம் உள்ளே வராதபடிக்கு. போன ஐப்பசி மழையில் எங்கள் சுவரின் மூலை ஒன்று பெயர்ந்து விழுந்தபோது, விழுந்த கட்டிக்குள் குடியிருந்து காலிசெய்த பழைய அறைகள் சில இருந்தன. கையில் ஏந்திப் பார்த்தேன். வெளியே முரட்டு மண், உள்ளே வழவழவென்று மின்னுகிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். ஊறவில்லை, முத்தாக உருண்டு நின்றது. பத்து நாள் மழையில் நனைந்து வீடே ஈரம் பாரித்துக் கிடக்கையில், அந்த அறைகள் காய்ந்தே இருந்தன. யார் சொல்லிக்கொடுத்தார்கள் அவளுக்கு? எந்தத் தச்சன், எந்தக் கொத்தன்?

பிறகு பூவுக்குப் போகிறாள். எங்கள் வேலியோரத்துத் தும்பை, மாடத்துத் துளசி, கத்தரிப் பாத்தி, தூதுவளைக் கொடி. ஈசனுக்குத் தும்பை, பெருமாளுக்குத் துளசி என்று நாம் பிரித்து வைத்ததெல்லாம் அவளுக்குத் தெரியாது. இரண்டு பேர் பூவிலும் எடுத்துக்கொள்கிறாள். பின்னங்கால் ரோமத்தில் மகரந்தத்தைச் சுமந்து வந்து, வயிற்றில் சேர்த்துவந்த பூந்தேனைக் கலந்து, அந்தக் குடத்துக்குள் கூழ் போலக் கரைத்து வைக்கிறாள். ஒரு நடையில் ஆகிற காரியமில்லை. வெயில் ஏறுமட்டும் போவதும் வருவதுமாக இருப்பாள். ஒரு குழந்தை முட்டையிலிருந்து வெளிவந்து, வளர்ந்து, சிறகு முளைக்கும் வரைக்கும் என்ன சாப்பிடுமோ அத்தனையும் சேர்ந்தபிறகுதான், அந்தக் கூழின்மேல் ஒரே ஒரு முட்டை இடுகிறாள். முட்டை மிதக்கிறது. மண்ணைக் குழைத்து அறையின் வாயை அடைக்கிறாள். அடைத்துவிட்டு அடுத்த அறைக்குக் குடையப் போகிறாள்.

திரும்பி வந்து பார்ப்பதில்லை. அவளுக்கு ஆயுசு சில வாரம்தான். குழந்தை சிறகு முளைத்து, அடைப்பைக் கடித்துக்கொண்டு வெளிச்சத்துக்கு வரும்போது பெற்றவள் இருக்கமாட்டாள். பெற்றவள் முகத்தைப் பிள்ளை பார்த்ததில்லை, பிள்ளையின் முகத்தைப் பெற்றவள் பார்த்ததில்லை.

பசி பிறக்கும் முன்பே சோறு பிறந்துவிடுகிறது. ஐயனே, இதுதானே உன் வழி! நான் கும்பிடத் தெரிந்துகொள்ளும் முன்பே நீ மழையைப் பெய்யவைத்துவிட்டாய். கேட்கிற வாய் உண்டாகும் முன்பே கொடுத்துவிட்டு, வாசலை அடைத்துவிட்டு, முகம் காட்டாமல் போய்விட்டாய். காணவில்லையே, காணவில்லையே என்று நான் கோயில் கோயிலாக அழுதேனே, நீ வைத்துவிட்டுப் போன சோற்றின்மேல் மிதந்துகொண்டேயா அழுதேன்!

இதை நான் வெறும் வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை. நான் தவழும் முன்பே என் அம்மா போய்ச்சேர்ந்துவிட்டாள். என்னை வயிற்றில் வைத்துக்கொண்டிருந்த மாதங்களில் அவள் கையால் தைத்து வைத்த சட்டைகள், ஒரு வயசுக்கு, இரண்டு வயசுக்கு, மூன்று வயசுக்கு என்று அளவு பார்த்து மடித்து வைத்தவை, தகரப் பெட்டியில் இருந்தன. ஆயா ஒவ்வொன்றாக எடுத்து எனக்குப் போட்டு வளர்த்தாள். அந்தச் சட்டைகளை நினைத்து நான் துக்கப்பட்டதே அதிகம். அந்தச் சுவரோரம் உட்கார்ந்து தேனீ வாசலை அடைத்துவிட்டுப் பறந்ததைப் பார்த்த அன்றைக்கு, அம்மா எனக்கு வேண்டியதைக் குறையில்லாமல் வைத்துவிட்டுத்தான் போனாள் என்று உடம்பு முழுக்கத் தெரிந்தது. சத்தம்போட்டு அழுதேன். எதிர்வீட்டுப் பெரியம்மா ஓடிவந்து, "என்னாடி, கொட்டிடுச்சா?" என்றார்கள். "இல்ல பெரியம்மா, அது கொட்டல" என்றேன். "அது ஒண்ணும் பண்ணாது. எங்க மாமியார் வூட்டு செவுத்துலயும் இருக்கும். மண்ணத் தோண்டும், பூவுக்குப் போவும், அவ்ளோதான்" என்று சொல்லி என் தலையைத் தடவிவிட்டுப் போனார்கள். உண்மைதான். கையில் பிடித்து நசுக்கினாலொழிய அவள் கொட்டுகிறவள் இல்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. கத்தரிப் பூவைப் பார்த்திருக்கிறீர்கள். நடுவில் மஞ்சளாகக் குவிந்து நிற்கும் மகரந்தப் பைகள் மற்றப் பூக்களைப்போல வெடித்துத் திறப்பதில்லை. நுனியில் ஊசிக்கண் அளவு துவாரம், அவ்வளவுதான். மகரந்தம் உள்ளே பூட்டிக் கிடக்கிறது. தக்காளி, தூதுவளை, சுண்டை, ஆவாரை எல்லாவற்றுக்கும் இதே மாதிரிப் பூட்டு. தேன்கூட்டுத் தேனீக்கு அதைத் திறக்கும் வித்தை தெரியாது. இவள் போய்ப் பூவைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறாள். சிறகை விரிக்காமலே பறக்கும் தசைகளை மட்டும் அதிரவிடுகிறாள். பறக்கும்போது எழும் ரீங்காரம் போய், கூர்மையான வேறொரு நாதம் எழுகிறது. பொலபொலவென்று மஞ்சள் தூள் அவள் மார்பில் கொட்டுகிறது! ஆஸ்திரேலியாவில் இவள் குலத்துத் தேனீ ஒன்றைத் தக்காளிப் பூவில் வைத்து வேகப் படக்கருவியால் பார்த்தவர்கள், அது நொடிக்கு 350 முறை தலையால் மகரந்தப் பையை முட்டுகிறது என்று எழுதினார்கள். 350! ஒரு முறை 'சிவ' என்று நான் சொல்லி முடிக்கும் நேரத்துக்குள் எத்தனை நமஸ்காரம்! எங்கள் வீட்டுச் சாம்பாரில் மிதக்கிற கத்தரிக்காய் அந்த நமஸ்காரத்தில் காய்த்தது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு முதல் கவளத்தை வாயில் வைக்கும்போது கண்ணை மூடாமல் இருக்க முடியவில்லை.

ஆண் தேனீக்களைப் பற்றி ஆரம்பத்தில் எனக்குத் தெரியாது. அவர்களுக்குக் குடைகிற வேலை இல்லை, ஆகையால் வீடும் இல்லை. பொழுது சாயும்போது காய்ந்த தண்டு ஒன்றைத் தேடி வருகிறார்கள். தாடையால் அதைக் கவ்விக்கொள்கிறார்கள். கவ்விய அந்தப் பிடியிலேயே, காலை மடக்கிக்கொண்டு, வரிசையாக இரவெல்லாம் தூங்குகிறார்கள். மார்கழியில் ஒருநாள் விடியற்காலை, கோலம் போட்டுவிட்டுப் பின்பக்கம் போனேன். துளசிச் செடியின் பட்ட கிளையில் அவர்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். பனி இறங்கி ஒவ்வொரு நீலப்பட்டையிலும் நீர்ப்பொடி. தெருக்கோடிக் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பள்ளியெழுச்சி வந்துகொண்டிருந்தது. எனக்கு என்ன தோன்றிற்றோ, நானும் கூடச் சேர்ந்து பாடத் தொடங்கிவிட்டேன். தூங்குகிற ஈசனை எழுப்பப் பாடியதை, தண்டைக் கவ்வித் தூங்குகிற இவர்களுக்கு நேரே நின்று பாடினேன். கடல் பக்கமிருந்து வெயில் வந்து பட்டது. ஒருவன் ஒரு காலை நீட்டினான். அடுத்தவன் உணர்கொம்பைத் துடைத்துக்கொண்டான். உடம்பு சூடேறியதும் ஒவ்வொருவனாகப் பிடியை விட்டுக் கிளம்பினான். பதிகம் முடிகையில் கிளை காலி. எழுந்தருளினாய், எழுந்தருளினாய் என்று நான் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றேன்.

படித்தவர்களும் இந்த மண்ணின்முன் உட்கார்ந்து பெரிய விஷயங்களைக் கண்டிருக்கிறார்கள். சூசன் பாத்ரா என்ற பூச்சியியல் அம்மையார் 1960-களில் இந்தியாவில் மண்ணில் குடைந்து வாழும் சிறு தேனீக்களின் கூடுகளைத் தோண்டி ஆராய்ந்தார். அவை இவளுக்குத் தூரத்துச் சொந்தம், ஹாலிக்டிடே என்ற வேறு குடும்பம். 1966-இல் அவர் எழுதிய கட்டுரையில்தான் 'யூசோசியல்' என்ற சொல்லை முதன்முதலாகக் கையாண்டார். எறும்பு, கறையான், தேன்கூட்டுத் தேனீ என்று கூடி வாழும் உயிர்களைப் பற்றி இன்று உலகில் யார் எழுதினாலும் அந்தச் சொல் இல்லாமல் எழுதமாட்டார்கள். நாம் செருப்புக்காலோடு மிதித்துப்போகிற மண்ணிலிருந்து எழுந்த சொல் அது. அந்த அம்மையாரை நினைத்து நான் ஒரு கும்பிடு போடுகிறேன்.

இப்போது, என்னை அதிகம் உலுக்கியதைச் சொல்ல வேண்டும். என் தேனீயின் வாசலுக்கு இன்னொருத்தி வருகிறாள். கன்னங்கரேலென்ற உடம்பு, அதில் நீலப் புள்ளிகள். திரியஸ் என்று பேர், குயில்தேனீ என்றும் சொல்வார்கள். அவள் குடைவதில்லை, பூசுவதில்லை, மகரந்தம் சுமப்பதில்லை. சுவருக்கு எதிரே மெல்லப் பறந்து பறந்து வாசல்களைப் பார்த்துவைக்கிறாள். வீட்டுக்காரி பூவுக்குப் போன நேரத்தில் உள்ளே நுழைந்து, அந்த அறையில் தன் முட்டையை இட்டுவிட்டுப் போகிறாள். அந்தக் குஞ்சு வீட்டுக்காரியின் குஞ்சைக் கொன்றுவிட்டு, அதற்கென்று வைத்த கூழைத் தான் சாப்பிட்டு வளர்கிறது. வீட்டுக்காரிக்கு எதுவும் தெரியாது. இன்னோர் அறைக்குப் போகிறாள்.

முதலில் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டுதான் எழுந்தேன். என் அம்மா தைத்த சட்டையை வேறொரு பிள்ளை மாட்டிக்கொண்டு போனதுபோல வயிறு எரிந்தது. ஓங்கிய கையோடு அவளைப் பார்த்தேன். அந்தப் புள்ளிகளின் நீலம் எரிந்தது ஐயா, எரிந்தது! காயாம்பூ நீலம், பெருமாள் மேனியின் நீலம். கொடுத்தவளுக்குப் பட்டையாகத் தீட்டிய அதே நிறத்தை, எடுத்துக்கொண்டவளுக்குப் புள்ளியாக வைத்திருக்கிறான். கூழும் ஒன்றுதான். இந்தப் பிள்ளைக்கு இல்லை, அந்தப் பிள்ளைக்கு மட்டும் என்று அந்தக் கூழ் கசந்துபோவதில்லை. யார் வாய்க்குப் போனாலும் இனிக்கிறது. சோற்றைப் போட்டவன் இலையில் உட்கார்ந்தவன் யார் என்று கேட்கவே இல்லை! நான் இந்த ஜென்மத்தில் உட்கார்ந்த இலைகளெல்லாம் எனக்கென்று போட்டவையா? என் பேரில் தைத்ததையா நான் எல்லாக் காலமும் உடுத்தினேன்? விளக்குமாறு கையிலிருந்து நழுவிவிட்டது. அப்படியே மண்ணில் விழுந்து கும்பிட்டேன். கொன்று தின்கிற அந்தக் குஞ்சுக்கும் சேர்த்துத்தான் கும்பிட்டேன். அய்யனார் கோயிலில் தீபாராதனை பார்த்த நாளில்கூட என் உடம்பு அப்படி நடுங்கியதில்லை.

ஊரில் மண்சுவர் குறைந்துவிட்டது. 2004 சுனாமிக்குப் பிறகு மீனவர் தெருவில் காங்கிரீட் வீடுகள் எழும்பின. அது நல்லது, உயிர்தான் முதலில். மேற்குப் பக்கத்திலும் ஒவ்வொரு வீடாகச் செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் மாறிவிட்டது. கோயில்களில் பிராகாரம் முழுக்க டைல்ஸ். சிமெண்டில் அவளால் குடைய முடியாது. என் தம்பியும் தை பிறந்ததும் பின்கட்டை இடித்துக் கட்டலாம் என்று கொத்தனாரைக் கூட்டிவந்தான். "அக்கா, அந்த செவுரு அடுத்த மழைக்குத் தாங்காது" என்றான். அவன் சொல்வது சரிதான். இரண்டு பேரும் பேசினோம். குளியலறைப் பக்கத்தைச் செங்கல்லில் கட்டிக்கொள்வது, தெற்குப் பார்த்த இந்தச் சுவரை இடுப்பளவு உயரத்துக்கு வெட்டி நிறுத்திக்கொள்வது, மேலே மழை படாமல் கீற்றுப் போட்டுவிடுவது என்று முடிவானது. பெயர்ந்த இடத்தில் பூச, அய்யனார் காட்டுக்கு வெளியே ஏரிக்கரையிலிருந்து ஒரு கூடைக் களிமண் கொண்டுவந்தோம். வைக்கோல் கலந்து நானே மிதித்துப் பூசினேன். கொத்தனார் தனியாகக் கேட்டார், "இன்னாத்துக்குமா இந்த மொட்டச் செவுரு?" பூச்சி வந்து அடைய என்றேன். அவருக்குப் புரியவில்லை. கைபிடித்து இழுத்துப்போய்க் காட்டினேன். புதுப்பூச்சு காய்ந்து மூன்றாம் நாளே அவள் வந்து அதில் வாய் வைத்திருந்தாள். பொடி மண் உதிர்ந்துகொண்டிருந்தது. கரணையைக் கீழே வைத்துவிட்டு, அவரும் குந்தி உட்கார்ந்துவிட்டார்.

இவளைப் பார்க்க வருகிறவர்கள் மாசி வரைக்கும் வரலாம். வெயில் சுவரில் விழுந்த பிறகு வாருங்கள், அதற்குமுன் அவள் வெளியே வரமாட்டாள். வாசலுக்கு நேரே நிற்காதீர்கள், வழி மறைந்தால் உள்ளே போகாமல் சுற்றிச்சுற்றி வருவாள். பக்கவாட்டில் உட்காருங்கள். திண்ணையில் தடுக்கு போட்டு வைத்திருக்கிறேன்.